பதக்கமும் பணிப்பதிவும்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் வாயில்களில் காவற்பணி செய்வோருள் முன்னாள் படைவீரர்கள் உண்டு. அத்தகுதியைச் சொல்லி ஒருவர் வேலைக்கு வந்தால், அவரிடம் கேட்கப்படுவது டிஸ்சார்ஜ் புத்தகம். எந்நாளில் சேர்ந்தார், எந்நாளில், எக்காரணத்தால் விடுவிக்கப்பட்டார், நடத்தை எத்தகையது, பெற்ற பதக்கங்கள் எவை என்பன அதில் பதிவாகியிருக்கும். ஒரு வாயிற்கதவைக் காக்க வருபவரிடம் இவ்வளவு கேட்கிறோம். நாட்டைக் காத்தேன் என்று சொல்லி வாக்குக் கேட்க வருபவரிடம் நாம் கேட்பது என்ன?

வீரத்தைச் சரிபார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 278ஆம் பாடலில், காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதியவளைக் காட்டுகிறார். உன் மகன் புறங்காட்டி மாண்டான் என்று பலர் சொல்கின்றனர். அது மெய்யானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளோடு களம் புகுகிறாள்; பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த மகனின் உடலைக் கண்டு, அவனை ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். இப்பாடலை மறக்குடி மகளிரின் வீரத்துக்குச் சான்றாக வகுப்பறைகளில் சொல்லிச் செல்கிறோம். அதற்குள் இருக்கும் மற்றொன்றை நாம் கவனிப்பதில்லை. அவள் ஊரார் சொல்லையும் நம்பவில்லை. தன் பாசத்தையும் நம்பவில்லை. களத்துக்குச் சென்று பார்த்தாள்.

பார்க்காமல் பேசினால் என்னவாகும் என்பதற்கு 2004ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் சான்று. வியட்நாம் போரில் வெள்ளி நட்சத்திரம், வெண்கல நட்சத்திரம், காயமுற்றோருக்கான மூன்று ஊதா இதயப் பதக்கங்கள் ஆகியவற்றைப் பெற்றவர் ஜான் கெரி. அவற்றுக்கு அவர் தகுதியற்றவர் என்று முன்னாள் கடற்படையினர் குழு ஒன்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. பதக்கங்கள் உரிய முறைப்படியே வழங்கப்பட்டன என்று கடற்படையின் ஆய்வு அதே ஆண்டு செப்டம்பரில் கூறியது. ஆயினும் ஐயம் ஊர் சுற்றி முடித்திருந்தது. அதே மாதத்தில், எதிர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் தேசியக் காவற்படைப் பணியைக் குறைகூறும் ஆவணங்களைச் சிபிஎஸ் தொலைக்காட்சி வெளியிட்டது. அவற்றின் உண்மைத்தன்மையை நிறுவ அதனால் இயலவில்லை. ஆய்வு என்ற பெயரில் இருபுறமும் நடந்தது ஏச்சு.

நமக்கு இன்னும் அருகில், இன்னும் கசப்பான ஒரு வரலாறு உண்டு. சரத் பொன்சேகா 2005 டிசம்பரில் இலங்கைத் தரைப்படையின் தளபதியானார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அவரே தளபதி. அவ்வாண்டு நவம்பரில் பதவி விலகி, 2010 ஜனவரி 26 அன்று நடந்த தேர்தலில் மகிந்த ராஜபக்சவை எதிர்த்து நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களில் அவரே முந்தினார். தம்மை வென்ற படையின் தளபதிக்கு மக்கள் வாக்களித்தமை அவர்மீதுள்ள அன்பினால் அன்று. தெரிவு அவ்வளவு குறுகியிருந்தது.

தேர்தலில் அவர் தோற்றார். பிப்ரவரி 8 அன்று கைதானார். ஆகஸ்டில் இராணுவ நீதிமன்றம், பணியில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்று தீர்ப்பளித்தது. தரநிலை, பதக்கங்கள், ஓய்வூதியம் யாவும் பறிபோயின. செப்டம்பரில் இரண்டாவது இராணுவ நீதிமன்றம், கொள்முதல் முறைகேட்டுக்காக 30 மாதச் சிறை விதித்தது. 2012 மே மாதம் விடுதலையானார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மைத்திரிபால சிறிசேன பொதுமன்னிப்பு வழங்கினார். பறித்தவை யாவும் திரும்பி வந்தன. மார்ச் 22 அன்று அவர் பீல்ட் மார்ஷலாகவும் உயர்த்தப்பட்டார்.

2009க்குப் பின் அவர் எப்போரிலும் ஈடுபடவில்லை. களத்தில் அவர் செய்ததும் செய்யாததும் அப்படியே இருந்தன. ஆயினும் அவர் மார்பில் பதக்கங்கள் இருந்தன, மறைந்தன, மீண்டும் தோன்றின. மாறியது ஆட்சி மட்டுமே.

இதனினும் பெரியது மற்றொன்று. இரு இராணுவ நீதிமன்றங்களும் அரசியலையும் கொள்முதலையும் விசாரித்தன. போரின் இறுதி மாதங்களில் குடிமக்கள் மீது விழுந்த எறிகணைகள் பற்றி அவை கேட்கவில்லை. அம்மாதங்களில் 40,000 குடிமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. சரணடைய வந்த புலித் தலைவர்களைக் கொல்லப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச கட்டளையிட்டதாகப் பொன்சேகா சொன்னார் என்று 2009 டிசம்பரில் ஓர் ஆங்கில வார இதழ் செய்தி வெளியிட்டது. தாம் அவ்வாறு சொல்லவில்லை என அவர் பின்னர் விளக்கினார். அச்செய்தியின் பேரில் 2011 நவம்பரில் கொழும்பு உயர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. சொன்னதற்குத் தண்டனை கிடைத்தது. சொல்லப்பட்ட செயல் மெய்யா பொய்யா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின் ஒவ்வொரு வேட்பாளரும் குற்றவழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் அறிவிக்க வேண்டும். படைப்பணிக்கும் பதக்கங்களுக்கும் அதில் தனிப்பகுதி இல்லை. பட்டங்களை ஒழித்த நம் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. விலக்குப் பெற்ற அவ்விரண்டில் கல்வியை மட்டுமே நாம் வேட்பாளரிடம் கேட்கிறோம்.

அப்பகுதியைச் சேர்ப்பது எளிது. ஆனால் தாளில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பதோடு பணி முடிந்துவிடாது. பதக்கம் மெய்யா என்பது முதற்கேள்வி. அதற்குப் பதிவேடு விடை சொல்லும். அப்பதக்கம் எந்தக் களத்தில், யாருடைய உயிரை விலையாக்கி வந்தது என்பது இரண்டாம் கேள்வி. அதைப் பதிவேடு சொல்லாது. பதிவேட்டை எழுதியவரும் சொல்ல மாட்டார். புறநானூற்றுத் தாய் தேடியது தன் மகனின் உடலில் இருந்த புண்ணை மட்டுமே. அவன் வாளால் வீழ்ந்தவரின் தாயும் அதே களத்தில் தேடியிருப்பாள். அவளைப் பற்றி அப்பாடல் பேசவில்லை.

கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் தொடர் போராட்டம் தொடங்கினர். படையினரிடம் சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டனர். அதுவும் ஒரு பணிப்பதிவைக் கேட்பதுதான். பதக்கம் அணிந்து வாக்குக் கேட்க வருபவர் எவராயினும், அத்தாய்மாரின் கேள்விக்கு விடை சொன்ன பின்பே அவருடைய பணிப்பதிவு முழுமை பெறும்.