ஆபத்தில்லாத குரங்குகள்

1969-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் சிங்கக்குட்டி விற்றார்கள். கதை இல்லைங்க, நிஜம். இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் அதை வாங்கி, கிறிஸ்டியன் என்று பெயர் வைத்து, செல்சியில் ஒரு மரச்சாமான் கடையின் அடித்தளத்தில் வளர்த்தார்கள். அன்றைக்கு இதற்கெல்லாம் உரிமம் என்று ஒன்றே கிடையாது.

1976-இல்தான் 'ஆபத்தான வனவிலங்குகள் சட்டம்' வந்தது. பட்டியலில் உள்ள விலங்கை வீட்டில் வைத்திருந்தால் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் வாங்கணும், கால்நடை மருத்துவர் வந்து பார்க்கணும், அது யாரையாவது கடித்தால் நஷ்டஈடு கொடுக்கக் காப்பீடு எடுக்கணும்.

சட்டத்தின் பெயரிலேயே சங்கதி இருக்கு. அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்புதான் அதன் முதல் கவலை. சிம்பன்சி, பபூன் எல்லாம் பட்டியலில் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் மார்மோசெட் யாரை என்ன செய்துவிடும்? அதற்கு உரிமம் தேவைப்படவில்லை. 2007-இல் பட்டியலைத் திருத்தியபோது டாமரின், அணில் குரங்கு போன்றவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

சாதுவாக இருந்ததுதான் அவற்றுக்கு வினையாகப் போச்சு. பிரேசில் காடுகளில் மார்மோசெட் குடும்பம் குடும்பமாக வாழும். மரப்பட்டையைக் கீறிப் பிசினைத் தின்னும். அதைப் பறவைக் கூண்டில் தனியாக அடைத்து, வெயிலே படாத அறையில் வைத்தால் வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலிந்து வளைந்துபோகும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை, குரங்குக்குத்தான்.

கொடுமையைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2006-இல் விலங்கு நலச் சட்டமும், 2010-இல் குரங்கு வளர்ப்போருக்கான நடைமுறைத் தொகுப்பும் வந்தன. ஆனா எந்த வீட்டில் குரங்கு இருக்குன்னே தெரியாதப்போ யார் போய்ப் பார்ப்பது? என் கணக்கில் உரிமத்தின் முதல் பயன் அந்த முகவரிதான். பிரிட்டனில் வீடுகளில் 5,000 வரை இருக்கலாம் என்று அரசே உத்தேசமாகத்தான் சொல்ல முடிந்தது.

2021-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், 2023-இல் கைவிட்டார்கள். பிறகு 2024-இல் தனி விதிகளே வந்தன. இதில் ஆபத்துப் பட்டியல் கிடையாது. குரங்கினம் எதுவானாலும் உரிமம் வேணும். ஆய்வு உண்டு, உயிர்க்காட்சிசாலைத் தரத்துக்கு இடமும் பராமரிப்பும் இருக்கணும். அதிகபட்சம் 3 ஆண்டு, அப்புறம் புதுப்பிக்கணும். 2026 ஏப்ரல் 6 முதல் உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ போய்விட்டால் இந்த விதிகள் செல்லாது.