நட்பின் மெய்யியல்: ஏதென்ஸிலிருந்து பக்தாத் வரை

மனித உறவுகளுள் நட்புக்குத் தனியானதோர் இடமுண்டு. இரத்த உறவு பிறப்பால் அமைகின்றது. மண உறவை ஒப்பந்தம் உறுதிசெய்கின்றது. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான உறவைச் சட்டம் வரையறுக்கின்றது. நட்பையோ இவற்றுள் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. அவ்வாறாயின் அது எதனால் தோன்றுகின்றது? எதனால் நிலைக்கின்றது? தேவையுடைய ஒருவனுக்கும் வசதி படைத்த ஒருவனுக்கும் இடையே உண்மையான நட்பு சாத்தியந்தானா? கிரேக்கத்தில் ஆராயப்பட்ட நட்பு பற்றிய சிந்தனைகள் முஸ்லிம் உலகை வந்தடைந்தபோது எத்தகைய மாற்றம் பெற்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எம்பிடோக்ளிஸ், பிரபஞ்சத்தின் மூலப்பொருள்களை ஒன்றுசேர்ப்பது நேசம் என்றும் பிரிப்பது பகை என்றும் கருதினார். பிளேட்டோ இவ்வினாவை மனிதரின்பால் திருப்பினார். அவரது 'லைசிஸ்' என்னும் உரையாடலில் சோக்ரடீஸ் இரு இளம் நண்பர்களிடம் நட்பு என்றால் என்ன என்று வினவுகிறார். ஒத்தோர்தாம் நண்பராவரா, மாறுபட்டோரா என்று பலவாறு ஆராய்ந்தும் விடை கிட்டாமலேயே உரையாடல் முடிவடைகின்றது. 'சிம்போசியம்' என்னும் மற்றொரு நூலில், ஒருவரின் அழகின்மீது பிறக்கும் காதல் படிப்படியாக உயர்ந்து அழகின் மூலத்தையே நாடிச் செல்லும் பயணமாகச் சித்திரிக்கப்படுகின்றது.

நட்பை முறையாக வகைப்படுத்தி ஆராய்ந்தவர் பிளேட்டோவின் மாணவரான அரிஸ்டாட்டில் (கி.மு. 384 - 322) ஆவார். அவரது 'நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்' என்ற நூலின் பத்துப் பாகங்களுள் எட்டாவதும் ஒன்பதாவதும் முழுமையாக நட்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பின் பொருட்டு அமையும் நட்பு என அவர் மூன்று வகைகளைக் காண்கிறார். முன்னைய இரண்டும் பயனும் இன்பமும் தீர்ந்ததும் அழிந்துவிடும், மூன்றாவதே நிலைக்கும். அது அரிதானது, நீண்டகாலப் பழக்கத்தை வேண்டி நிற்பது. சேர்ந்து உப்புண்ட பின்னரே ஒருவரையொருவர் அறிய முடியும் என்ற கருத்துடைய பழமொழியொன்றையும் அவர் இங்கு நினைவூட்டுகிறார். நண்பர்களுக்கிடையே நீதிக்குத் தேவை எழுவதில்லை என்பதும், நகர அரசுகளைப் பிணைத்து வைத்திருப்பது நட்பே என்பதும் அவரது முக்கியமான முடிவுகளாகும்.

எனினும் இக்கோட்பாட்டில் இரு எல்லைகள் இருந்தன. முதலாவது, அரிஸ்டாட்டிலின் முழுமையான நட்பு ஓய்வும் வசதியும் உடைய சுதந்திர மனிதரின் நட்பாகவே அமைந்தது. அடிமையுடன், மனிதன் என்ற வகையிலன்றி அடிமை என்ற வகையில், நட்புக் கொள்ள இயலாது என்று அவர் கருதினார். இரண்டாவது, இருவருக்கிடையிலான தூரம் அளவுகடந்து விடுமாயின் நட்பு இல்லாதொழியும் என்றும், தெய்வத்துடன் நட்புச் சாத்தியமில்லை என்பதற்கு அதுவே காரணம் என்றும் அவர் கூறினார். முஸ்லிம் சிந்தனையாளர்கள் இவ்விரு எல்லைகளிலும் நின்றே தமது விடைகளைத் தேடினர் என்பது கவனத்திற்குரியது.

அப்பாஸியர் கால பக்தாதில் கிரேக்க நூல்கள் அறபியில் பெயர்க்கப்பட்டன. அப்பணியில் கிறிஸ்தவ அறிஞரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (மரணம் கி.பி. 873) அவரது மகன் இஸ்ஹாக்கும் முன்னணியில் நின்றனர். அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூலின் அறபு மொழிபெயர்ப்பு இஸ்ஹாக்கினுடையதாகவே பெரிதும் கருதப்படுகின்றது. அதன் கையெழுத்துப் பிரதி மொரோக்கோவின் ஃபெஸ் நகரிலுள்ள கரவிய்யீன் நூலகத்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்டது.

இந்நூலை ஆழ்ந்து கற்று, நட்பு பற்றிய கோட்பாட்டை இஸ்லாமியச் சூழலில் வளர்த்தெடுத்தவர் மிஸ்கவைஹ் (மரணம் ஹி. 421 / கி.பி. 1030) ஆவார். புவைஹி அமைச்சரான இப்னுல் அமீதின் நூலகப் பொறுப்பாளராக ரய் நகரில் கடமையாற்றிய இவர், வரலாற்றாசிரியராகவும் விளங்கினார். 'தஹ்தீபுல் அக்லாக்' என்ற தமது நூலில் நேசத்தையும் நட்பையும் விரிவாக ஆராய்கிறார். இன்பத்தால் விளையும் நேசம் விரைவில் தோன்றி விரைவில் மறையும். பயனால் விளைவது மெதுவாகத் தோன்றி விரைவில் மறையும். நன்மையால் விளைவதோ விரைவில் தோன்றினும் மெதுவாகவே மறையும் என்பது அவரது பகுப்பு.

அரிஸ்டாட்டிலிடம் காணப்படாத ஒரு கருத்தையும் அவர் முன்வைக்கிறார். 'இன்ஸான்' (மனிதன்) என்ற சொல் மறதியைக் குறிக்கும் 'நிஸ்யான்' என்பதிலிருந்து வந்ததன்று, இணக்கத்தைக் குறிக்கும் 'உன்ஸ்' என்பதிலிருந்தே வந்தது என்கிறார். இயல்பான இவ்விணக்கத்தைப் பேணவே மார்க்கம் தெருவாரை நாளுக்கு ஐந்து முறையும், நகரத்தாரை வாரத்திற்கு ஒரு முறையும், சுற்றுப்புறத்தாரையும் சேர்த்து ஆண்டுக்கு இரு முறையும், உலகத்தாரை வாழ்நாளில் ஒரு முறை மக்காவிலும் ஒன்றுகூடச் செய்கின்றது என்பது அவரது விளக்கம். மலைகளிலும் குகைகளிலும் தனித்து வாழ்வோரின் துறவை அவர் ஏற்கவில்லை. கொடையும் நீதியும் பிறரோடு வாழும்போதன்றி வெளிப்பட வழியில்லை என அவர் வாதிடுகிறார்.

மிஸ்கவைஹின் சமகாலத்தவரான அபூ ஹய்யான் அத்தவ்ஹீதியின் (மரணம் ஹி. 414 / கி.பி. 1023) வாழ்வு இக்கோட்பாட்டிற்கு ஒரு சோதனையாக அமைந்தது. அவர் நூல்களைக் கூலிக்குப் பிரதி செய்து பிழைத்தவர். அமைச்சர்களின் வாயில்களில் காத்திருந்து ஏமாற்றமடைந்தவர். அவர் வினவ மிஸ்கவைஹ் விடையளித்த நூலே 'அல்-ஹவாமில் வஷ்ஷவாமில்' ஆகும். அதன் முகவுரையில், காலத்தையும் தோழர்களையும் பற்றிய தவ்ஹீதியின் முறையீட்டிற்கு மிஸ்கவைஹ் ஆறுதலும் பொறுமையுமே பதிலாகத் தருகிறார். தவ்ஹீதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இடைவெளிவிட்டு நிறைவுசெய்த 'அஸ்ஸதாகா வஸ்ஸதீக்' (நட்பும் நண்பனும்) என்ற நூல், உலகில் நண்பன் என எவனும் இல்லை என்ற கசப்புடனேயே தொடங்குகின்றது. ஆயினும் அதே நூலில் தம் ஆசான் அபூ ஸுலைமான் அஸ்ஸிஜிஸ்தானிக்கும் காழி இப்னு ஸய்யாருக்கும் இடையே நிலவிய நட்பை அவர் வியந்து பதிவுசெய்கிறார். முதுமையில் தம் நூல்களைத் தாமே எரித்த அவர், பல்லாண்டுகள் அருகில் வாழ்ந்தும் உண்மையான நேசத்தைக் காட்டாத மக்களிடம் அவற்றை விட்டுச்செல்ல விரும்பவில்லை எனக் கடிதமொன்றில் காரணம் கூறினார். நட்பைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் நட்பின்றி வாடியது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

தவ்ஹீதியின் முறையீட்டிற்கு விடை காண நாம் மெய்யியலோடு மதீனாவின் அனுபவத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். ஹிஜ்ரத்தின் பின்னர் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) தமது செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு வழங்க முன்வந்தார். அவரோ பரகத் வேண்டிப் பிரார்த்தித்துவிட்டு, சந்தைக்கு வழிகாட்டுமாறு மட்டுமே கேட்டுக்கொண்டார். கொடுக்க முன்வந்தவரிடம் தயக்கமில்லை. பெற வேண்டியவரிடம் பேராசையில்லை. இரு தரப்பினரின் கண்ணியமும் இங்கு காக்கப்பட்டது.

இமாம் கஸ்ஸாலி (கி.பி. 1058 - 1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் 15ஆம் கிதாபில் இவ்வனுபவத்தை ஒழுக்க விதிகளாக வகுத்தார். சகோதரத்துவத்தின் எட்டுக் கடமைகளுள் அவர் முதலில் வைப்பது பொருளுதவியை ஆகும். அதில் மூன்று படிகள் உள. நண்பனைப் பணியாளன்போல் கருதி, எஞ்சியதிலிருந்து அவனது தேவையை நிறைவேற்றுவது கடைசிப் படி. தனக்குச் சமமாகக் கொள்வது நடுப்படி. தன்னைவிட அவனை முற்படுத்தும் 'ஈஸார்' உயர்ந்த படி. கடைசிப் படியிலும்கூட நண்பன் வாய்திறந்து கேட்கும் நிலைக்கு அவனை விடுவது பெருங்குறை என்கிறார் இமாம். அரிஸ்டாட்டிலின் முதல் எல்லை இங்கு கடக்கப்படுகின்றது. தேவை, நட்பைக் கெடுக்கும் பயனாக அன்றி, நட்பின் கடமையாக மாறுகின்றது.

இரண்டாம் எல்லையையும் கஸ்ஸாலி கடந்தார். ஒத்த இனத்தாரிடையேதான் நேசம் சாத்தியம், எனவே இறைநேசம் என்பது கீழ்ப்படிதலையே குறிக்கும் என்று வாதிட்டோரை அவர் இஹ்யாவின் 36ஆம் கிதாபில் மறுத்து, உண்மையில் நேசிக்கப்படத் தகுதியானவன் அல்லாஹ் ஒருவனே என நிறுவுகிறார்.

மிஸ்கவைஹின் சிந்தனை 1235இல் நஸீருத்தீன் தூஸி பாரசீகத்தில் இயற்றிய 'அக்லாகே நாஸிரி' மூலம் மேலும் பரவியது. நேசம் இயல்பான ஒற்றுமையை ஏற்படுத்துகின்றது, நீதி செயற்கையான ஒற்றுமையையே ஏற்படுத்துகின்றது, நேசம் குன்றும்போதே நீதி தேவைப்படுகின்றது என்பது தூஸியின் முடிவு. முகலாயப் பேரரசர் அக்பரின் அவையிலும் இந்நூல் விரும்பிப் படிக்கப்பட்டது.

ஏதென்ஸில் தொடங்கிய சிந்தனையைக் கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளர்களும் முஸ்லிம் அறிஞர்களும் இவ்வாறு வளர்த்தெடுத்தனர். நாம் இன்றும் நாளுக்கு ஐந்து முறை ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கின்றோம். அருகில் நிற்பவரின் தேவையை அவர் கேட்கும் முன்னரே நாம் அறிந்திருக்கின்றோமா என்பதே, அக்கூட்டத்தின் நோக்கம் நம்மிடம் நிறைவேறியுள்ளதா என்பதை அளக்கும் அளவுகோலாகும்.