பில்லியர்ட்ஸ் மேசையின் பேரப்பிள்ளை

துரைமார் கிளப்பில் பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்ஸ் மேசை இருந்ததை நம் பெரியவர்கள் பலர் அறிவர். அந்த மேசைக்கு ஒரு பேரப்பிள்ளை உண்டு. காசு போட்டு ஆடும் 'பின்பால்' இயந்திரந்தான் அது. சூதாட்டப் பெட்டி என்று தண்டிக்கப்பட்ட அது, நற்பெயரை மீட்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பில்லியர்ட்ஸ் மேசையைச் சிறிதாக்கி, ஆணிகளும் குழிகளும் அமைத்து, கோலால் பந்தைத் தள்ளி ஆடினார்கள். அதற்குப் 'பாகட்டெல்' என்று பெயர். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர், கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்திய தண்டை அமைத்துக் காப்புரிமை பெற்றார். தண்டை இழுத்துவிட்டால் பந்து மேலே ஓடும். பிறகு ஆணிகளில் முட்டி முட்டிக் கீழே உருளும்.

1930களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தபோது, சில்லறைக் காசுக்குக் கிடைத்த இந்தப் பொழுதுபோக்கு கடைதோறும் பரவியது. ஆனால், பந்தை விட்டபின் ஆடுபவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 'இது அதிர்ஷ்டம், ஆகவே சூது' என்ற எதிர்ப்பு வலுத்தது. 1942இல் நியூயார்க் நகரம் தடை விதித்தது. மேயர் லாகார்டியா தம் கையாலேயே சம்மட்டி எடுத்து இயந்திரங்களை உடைத்துக் காட்டினார்.

1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' வந்தது. ஹாரி மாப்ஸ் அமைத்த அதில் ஆறு துடுப்புகள் இருந்தன. பொத்தானை அமுக்கினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும். சுருள் காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும். துடுப்பு பந்தைத் திருப்பி அடிக்கும். ஆட்டத்தில் கைத்திறன் புகுந்துவிட்டது. 1965இல் வந்த 'பேங்க் எ பால்' என்னும் இயந்திரம் பில்லியர்ட்ஸ் பந்துகளையே படமாகக் கொண்டது. பேரப்பிள்ளை பாட்டன் வீட்டுக்குத் திரும்பியது போலாயிற்று. அதன் உள்ளே கணினி இல்லை. மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் புள்ளிகளைக் கூட்டியவை 'ரிலே' என்னும் சிறு கருவிகளே.

இயந்திரம் மாறியும் நியூயார்க் சட்டம் மாறவில்லை. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக் காட்ட வந்தார். கொண்டுவந்த இயந்திரத்தில் சூழ்ச்சி இருக்கலாம் என்று ஐயுற்ற ஓர் உறுப்பினர், மாற்றாக வைத்திருந்த இயந்திரத்தில் ஆடச் சொன்னார். ஷார்ப் அதிலும் ஆடினார். முடிவில், "தண்டை இழுத்துவிட்டால் பந்து மேலே நடு வழியில் போகும்" என்று முன்கூட்டியே சொன்னார். பந்து அவ்வாறே போயிற்று! 34 ஆண்டுத் தடை நீங்கியது. அந்த ஓர் அடியில் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

மறு ஆண்டே பாலி நிறுவனத்தின் 'எய்ட் பால்' மின்னணு முறையில் வந்தது. பில்லியர்ட்ஸைப் பொருளாகக் கொண்ட அது 20,000க்கும் மேல் விற்றது. ரிலேக்களின் காலம் முடியத் தொடங்கியது.

இதில் நாம் அறிவது யாது? முப்பது ஆண்டுக்கு முந்திய பொருளைப் பார்த்து எழுதிய சட்டம், மாறிவிட்ட பொருளையும் தண்டித்தது. ஒருவர் செய்து காட்டிய பிறகே அது திருந்தியது. ஆட்டம் வேறு, பந்தயம் வேறு. பிள்ளைகளின் விளையாட்டை வீண் என்று விலக்குமுன், அதில் அவர்கள் கையும் கண்ணும் என்ன பழகுகின்றன என்று நாம் அருகிருந்து பார்ப்போம். பந்தயப் பணம் புகுந்தால் மட்டும் தயங்காமல் தடுப்போம்.