பெரிய தகடும் சிறிய சட்டமும்

ஒளிப்படக் கலை தோன்றிய நாள்தொட்டு ஒரு வழக்கும் அதனோடு வளர்ந்து வருகின்றது. ஒளி விழும் பரப்புப் பெரிதாயிருத்தல் நன்றா, சிறிதாயிருத்தல் நன்றா என்பதே அவ்வழக்கு. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்க்கெனக் கமரா செய்வோர் மேலும் பெரிய உணரிகளை மேற்கொள்ள வேண்டுமா என்று இன்று எழும் வினா அதன் புதிய வடிவமேயாகும். விடையை வரலாற்றிடம் கேட்பது தகும்.

1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரக் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். தகட்டின் அளவே பெரும்பாலும் படத்தின் அளவு. ஆதலின் பெரிய படம் வேண்டுவோர் பெரிய தகட்டையே சுமந்தனர். பூசிய மருந்து உலருமுன் படமெடுத்துக் கழுவவும் வேண்டும். எனவே இருட்டுக் கூடாரமும் உடன் சென்றது. கண்டியிலிருந்து தொழில் நடத்திய ஜோசப் லோட்டன், 1870–71ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை இவ்வாறே பதிந்தார். அக்காலத்து இலங்கையை அப்படங்களிற் கல் கல்லாக இன்றும் காணலாம்.

1925இல் ஜேர்மனியின் லைக்கா கமரா விற்பனைக்கு வந்தது. சினிமாச் சுருளில் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுங் கொண்ட சிறு சட்டத்தில் அது படம்பிடித்தது. தகட்டின் நுணுக்கம் அதற்கு இல்லை. ஆயினும் கையில் அடங்கியது, கணத்தைக் கவ்வியது. 1944இல் மறைந்த லயனல் வென்ற் இத்தகைய சிறு கமராக்களாலேயே நம் நாட்டு மக்களின் வாழ்வைக் கலையாக்கினார். எனினும் பெரிய சட்டம் ஒழியவில்லை. படக்கூடங்களிலும் கட்டடப் பதிவிலும் தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

இலக்கமுறைக் காலத்திலும் இதே கதை திரும்பியது. 1999இல் வந்த நிக்கோன் டி1 கமராவின் உணரி, லைக்காச் சட்டத்தின் பரப்பிற் பாதியினும் குறைவு. 2002இல் கனன் நிறுவனம் முழுச்சட்ட உணரியை அளித்தது. 2017இல் பியூஜிபிலிம் 43.8க்கு 32.9 மில்லிமீற்றர் அளவுள்ள உணரியோடு வந்தது. முழுச்சட்டத்தினும் இது ஏறத்தாழ 1.7 மடங்கு பரப்புடையது. ஆனால் விலை அந்த விகிதத்தில் நிற்பதில்லை. ஒரு சிலிக்கன் வட்டத்தகட்டிற் பெரிய உணரிகள் சிலவே அடங்கும். ஒரு சிறு குறை நேரினும் பெரியதொரு துண்டு வீணாகும்.

இனி மன்னார்ப் பகுதியை நோக்குவோம். ஆவணி 15இல் மருதமடு அன்னையின் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரளுகின்றனர். மெழுகுதிரி ஒளியில் தொழும் முகங்களை முன்வரிசை முதற் பின்வரிசை வரை தெளிவாகப் பிடிக்க வேண்டுமாயின், பெரிய உணரியாளர் வில்லையின் துளையை மேலுஞ் சுருக்க வேண்டும். சுருக்கியதும், பரப்பினால் வந்த ஒளி இலாபம் துளையினாற் போய்விடுகிறது. எடை மட்டும் தோளில் மிஞ்சுகிறது. அங்கே சிறிய சட்டமே உற்ற துணை.

அரிப்பில் நிலைமை வேறு. தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டிய மாளிகையைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கி வருகின்றது. அச்சுவர்கள் ஓடமாட்டா, முக்காலி ஊன்றி நெடுநேரம் ஒளியை ஏற்கலாம். செங்கல்லையும் சுதையையும் நுணுக்கமாகப் பதிய அங்கே பெரிய உணரி வேண்டும். நாளை சுவர் வீழினும் படத்தைக் கொண்டு அதனை ஆராயலாம்.

ஆகவே, பெரிய உணரியை எல்லார்க்கும் உரிய அளவாக்குதல் முறையன்று. அதனைக் கைவிடுதலும் முறையன்று. நிலைத்த பொருளைப் பதிவோருக்காக அதனை வளர்த்து, வாடகைக்கேனும் கிட்டும் விலைக்குக் கொணர்வதே செய்வோர் கடன். 2008இல் மடு அன்னையின் திருச்சொரூபமே போரினால் இடம்பெயர நேர்ந்த பூமி இது. குடும்பப் படங்களையும் இழந்து வந்தோர் பலர். இத்தகைய மண்ணில், எந்த அளவிலேனும் எடுத்துப் பேணப்பட்ட படமே பெரிய படம்.