திண்டுக்கல் மலைக்கோட்டையும் திராட்சைப் பந்தலும்

குண்டடத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் ஊட்டி, கொடைக்கானல், நாகூர், ஏர்வாடி என்ற நான்கு பெயர்களுக்குள் பேச்சு முடிந்துவிடும். பனியன் கம்பெனி வேலையில் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அதற்கு மேல் யோசிக்க நேரமும் இருப்பதில்லை. ஆனால் காற்றாலைகளைக் கடந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் தெற்கே சென்றால், ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில், நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது. அதன் முடிவில் பாறைக்குன்றின் மேல் ஒரு கோட்டையும், அதற்கு அப்பால் சிறுமலை அடிவாரத்தில் திராட்சைப் பந்தல்களும் இருக்கின்றன.

கோட்டையும் திராட்சையும் சேர்ந்த நிலம் என்றால் உலகப் பயணிகளுக்கு நினைவில் வருவது ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரை. அங்கே கொடித்தோட்டங்களுக்கு மேலே வரிசையாகக் கோட்டைகள் நிற்கின்றன; அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்பெயினில் கலத்தாயூத் என்றொரு நகரம் உண்டு. அதுவும் மது வடிக்கும் திராட்சைக்குப் பேர்பெற்ற வட்டாரமே. அதன் பெயரைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பார்த்தால் ‘கல்அத் அய்யூப்’, அதாவது அய்யூபின் கோட்டை என்ற அரபுச் சொல் வெளிப்படும். முஸ்லிம்கள் கட்டிய அக்கோட்டை 1120இல் அரகோன் மன்னர் முதலாம் அல்ஃபோன்சோவிடம் போயிற்று. இன்று அங்கே பெயரும் சிதைந்த மதிலும் எஞ்சியுள்ளன.

ரைன் கோட்டைகளைப் பற்றி ஒரு செய்தி நமக்குப் பயன்படும். அவற்றுள் பல, ஆற்றில் செல்லும் கப்பல்களிடம் சுங்கம் வாங்குவதற்காகவே எழுந்தவை. வீரம், காதல் என்று கதைகளில் படிப்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. கோட்டை என்றால் முதலில் வரி. திண்டுக்கல்லைப் புரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல திறவுகோல் இல்லை.

நம் பாதையில் முதலில் வரும் தாராபுரத்தில் பார்ப்பதற்குக் கோட்டை கிடையாது. மதுரை நாயக்கர்களிடமிருந்து மைசூர் கைப்பற்றிய ஊர் அது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலப் போர்களில் கம்பெனிப் படையும் மைசூர்ப் படையும் அதை மாறி மாறிப் பிடித்தன. 1792இல் கோட்டை இடிக்கப்பட்டது. இடித்தவர்களுக்கு அது இனித் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். திண்டுக்கல் தப்பியது பாறையின் தயவால் என்றே நமக்குத் தோன்றுகிறது.

திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அந்த மொட்டைப் பாறையின் மேல் 1605இல் மதுரை நாயக்கர் மரபின் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1755இல் மைசூர் அரசு தன் படைத்தலைவர் ஒருவரைப் பௌஜ்தாராக இங்கே அனுப்பியது. அவர்தாம் ஹைதர் அலி. அப்போது அவர் நவாபும் அல்லர், சுல்தானும் அல்லர். அரசின் சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரி. கப்பம் கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்கி வசூலிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பழனி, விருப்பாட்சிப் பாளையங்களின் மேல் அவர் படை நடத்தினார். பிரெஞ்சுப் பொறியாளர்களின் மேற்பார்வையில் பீரங்கிப் படையையும் ஆயுதச் சாலையையும் இங்கேதான் அமைத்தார். 1761இல் மைசூரின் ஆட்சியையே கைக்கொள்ளும் அளவுக்கு அவர் வளர்ந்ததற்கு வித்து இந்தப் பாறையில் விழுந்தது.

அக்காலத்து ஹைதரைப் பற்றி ஆங்கிலேயரான மார்க் வில்க்ஸ் ஒரு கதை எழுதியிருக்கிறார். போரில் காயம்பட்டவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். கணக்குப் பார்க்க அதிகாரி வந்தபோது மஞ்சள் கட்டுகளுடன் நின்றவர்களோ ஏறத்தாழ 700 பேர்! வில்க்ஸ் கம்பெனியின் ஆள். மைசூரைப் பற்றி அவர் எழுதியதைப் பாதி தள்ளியே படிக்க வேண்டும். ஆனால் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக முழுவதையும் தள்ளிவிடுவதும் நேர்மையாகாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? நம்மில் பலர் ஹைதர், திப்பு என்றவுடன் பெருமையை மட்டும் தேடுகிறோம். வேறு சிலர் அதே பெயர்களில் பழியை மட்டும் தேடுகிறார்கள். இருவரின் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் படிக்கிறார்கள். அரைகுறைக் கதையோடு பிள்ளைகளை அந்த மலையில் ஏற்றினால், மேலே அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கே நாம் திணறுவோம்.

அந்தக் கேள்வி இதுதான்: உச்சியிலுள்ள கோயிலில் ஏன் சிலை இல்லை? அபிராமி அம்மன் கோயில் அது. இன்று அம்மன் வழிபாடு நடப்பது கீழே ஊருக்குள் உள்ள கோயிலில். மைசூர் ஆட்சியில், கோட்டைக்குள் பொதுமக்கள் வந்து போவது பாதுகாப்புக்கு ஆகாது என்று கருதிச் சிலை கீழே கொண்டுவரப்பட்டது என்பது ஊர் வழக்கு. பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொல்வோம். வழிபட்ட மக்களுக்கு அது வருத்தமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வோம். நம் பள்ளிவாசல் ஒன்று இராணுவ எல்லைக்குள் அகப்பட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

கதை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், அவருடைய அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இந்தத் திண்டுக்கல் சீமைக்குத்தான். அவ்வாண்டு டிசம்பரில் அமைச்சர் தாண்டவராய பிள்ளை, குதிரைப்படையிலும் காலாட்படையிலும் ஐயாயிரம் பேர் வீதம் அனுப்புமாறு ஹைதருக்குக் கடிதம் எழுதினார். நாச்சியார் உருது அறிந்தவர். ஹைதரின் ஆதரவில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அவருடைய உதவிப்படையோடு சென்று 1780இல் சிவகங்கையை மீட்டார். அவர் தங்கியிருந்த இடங்களுள் ஒன்று விருப்பாட்சி! ஒரு காலத்தில் ஹைதர் படை நடத்திய அதே பாளையம். பின்னாளில் அதன் பாளையக்காரரான கோபால நாயக்கர், கம்பெனிக்கு எதிராகத் திண்டுக்கல் கூட்டணியைத் திரட்டினார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டத்தில் அவரோடு முஸ்லிம் போராளிகளும் இருந்தார்கள். திட்டம் தோற்றது, 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1801இல் கோபால நாயக்கரையும் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். விருப்பாட்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி சாலையில் சற்றுத் தூரம் விலகிச் சென்றால் போதும்.

கோட்டையைக் கம்பெனி 1767இல் பிடித்து அடுத்த ஆண்டே இழந்தது. 1783இல் மீண்டும் பிடித்து, 1784 மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவிடம் திருப்பித் தந்தது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டபோது நடந்தது வேடிக்கையானது. பீரங்கிக்குண்டு தீர்ந்துபோகும் நிலையில் அவர் மதிலின் உடைப்பு வழியே படையை ஏற்றினார். மேலிருந்தவர்கள் அதை முறியடித்துவிட்டார்கள். ஆனால் மறுநாள் விடிந்தபோது கோட்டையில் வெள்ளைக்கொடி பறந்தது. இரவோடு இரவாகக் காவற்படையினர் பெரும்பாலோர் இறங்கி ஓடிவிட்டிருந்தனர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு மைசூருக்கும் இப்பாறைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது.

நம்மவர்கள் திண்டுக்கல்லுக்குப் போகாமல் இல்லை. பேகம்பூர் செல்வார்கள், பிரியாணி உண்பார்கள், பூட்டு ஒன்று வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருப்பதால்தான் அந்தப் பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர். பிறந்த மண்ணைவிட்டு அண்ணனின் அதிகாரத்தோடு இவ்வூருக்கு வந்து இங்கேயே மண்ணான ஒரு பெண். மேலே உள்ள பீரங்கிகளைவிட, ஒரு பகுதியின் பெயராகவே நிலைத்துவிட்ட அவருடைய அடக்கத்தலம் நம்மை அதிக நேரம் நிறுத்தி வைக்கிறது.

பிற்பகலில் தெற்கே இறங்கினால் வெள்ளோடு, கொடைரோடு பக்கம் திராட்சைப் பந்தல்கள் தொடங்கும். கல்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் படரவிட்டிருப்பார்கள். பயிராவது பன்னீர் திராட்சை. கவாத்து செய்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குலை கறுத்துவிடும். இதே இரகம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பெருமளவில் விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் ஹைதரும் நாச்சியாரும் பார்க்காத கொடி இது.

ரைன் கரைப் பயணிக்குக் கோட்டை பாதி, மதுக்கோப்பை பாதி. நமக்கு அந்தப் பாதி தேவையில்லை. திருக்குர்ஆன் திராட்சையை அருட்கொடைகளின் வரிசையில் பலமுறை எண்ணுகிறது. உலர்திராட்சையை நீரில் ஊறவைத்து, புளிக்கும் முன் பருகும் வழக்கம் நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே இருந்தது. தோட்டத்து வாசலில் வாங்கும் குலையைக் கழுவி, வீட்டில் பிள்ளைகளுக்கு அப்படி ஊறவைத்தும் கொடுக்கலாம்.

செல்ல எண்ணுவோர் ஃபஜ்ர் தொழுதவுடன் புறப்படுவது நல்லது. கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது, நுழைவுச்சீட்டு உண்டு. பாறையில் வெட்டிய படிகளில் நிழல் இல்லை. பத்து மணிக்கு மேல் கல் சுடத் தொடங்கிவிடும். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் தாங்கமாட்டார்கள். ஆளுக்கொரு குடிநீர்ப் புட்டி வேண்டும். மேலே ஆயுதக் கிடங்கு, படைவீரர் அறைகள், பாறைக்குழிகளில் தேங்கிய மழைநீர், வாய் திறந்து நகரைப் பார்க்கும் பீரங்கிகள் ஆகியவற்றைப் பார்த்து இறங்கினால், லுஹர் தொழுகைக்குப் பேகம்பூர் பள்ளிவாசலுக்கு வந்துவிடலாம்.