தொட்டிலுக்கு ஆகும் செலவு யாருடையது?

வேலைக்குச் சென்ற தாய் திரும்பி வரும் வரையில் அவள் குழந்தையைப் பேணுவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? இவ்வினா நம் நாட்டில் ஆலைத்தொழில் தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது. வயலோரத்து மரக்கிளையில் தூளி கட்டி, குழந்தையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு களை பறித்த பெண், ஆலை வாயிலைக் கடக்கும்போது அத்தூளியை உடன் கொண்டுசெல்ல இயலவில்லை. வீட்டில் கிழவி இருந்தால் கவலை இல்லை. இல்லையேல் அண்டை வீட்டாருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். காசும் இல்லாதபோது என்ன செய்தாள்? பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் கைக்குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்து உறங்கவைக்கும் வழக்கம் பரவியிருந்ததை, 1920-களில் அங்கு ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதிவைத்துள்ளனர். ஆள் வைப்பதைக் காட்டிலும் அபின் மலிவாயிருந்தது.

1929-இல் அமைக்கப்பெற்று 1931-இல் அறிக்கை அளித்த ராயல் தொழிலாளர் கமிஷன், பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதுபற்றி விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே இயற்றப்பெற்ற 1948-ஆம் ஆண்டுச் சட்டம், தன் 48-ஆம் பிரிவின் வாயிலாக அதைக் கட்டாயமாக்கிற்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறை. பயிற்சி பெற்ற பெண்ணின் மேற்பார்வை. விதிகள் வகுத்தால் இலவசப் பாலும் சிற்றுண்டியும், தாய் இடையிடையே வந்து பாலூட்டும் வசதியும். செலவு ஆலை முதலாளியுடையது.

ஆலைச் சட்டங்களில் வரும் 'கிரெஷ்' என்னும் சொல், மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நம்மைச் சிறிது நிறுத்திவைக்கும். பிரெஞ்சு மொழியில் அது மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியைக் குறிக்கும். ஏசுநாதர் பிறந்தபோது கிடத்தப்பெற்ற தொட்டியும் அதுவே. 1844-இல் பாரிஸ் நகரில் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காக மார்போ என்பவர் திறந்த இல்லத்திற்கு அப்பெயர் அமைந்தது. நாம் 'காப்பகம்' என்று எழுதிவிடுகிறோம். அச்சொல்லைக் கேட்டதும் கட்டடம் நினைவுக்கு வருகிறது; அதை நடத்துவதற்கு ஆகும் பணம் நினைவுக்கு வருவதில்லை.

பணத்தின் கணக்கு எங்கே கோணிற்று என்பதைக் காண்போம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கே பொருந்தும் என்றது. 1976-இல் அவ்வெண் 30 ஆகக் குறைக்கப்பெற்றது. நோக்கம் நல்லதே. ஆயினும் கணக்கறிந்த முதலாளிக்கு அவ்வெண் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. வரம்பைத் தாண்டும் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தால் அறையும் ஆயாவும் பாலும் சேர்ந்து வந்து நிற்கும். ஆடவரைச் சேர்த்தால் எதுவும் வாராது. குழந்தைக்குத் தகப்பனும் உண்டு என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. தாய்க்கு உதவ எழுதிய விதி தாயை வேலைக்கு எடுப்பதன் விலையாக மாறுவதற்கு இடம் தந்த குறை இது என்றே நாம் கருதுகிறோம்.

இதனினும் நுட்பமாக எண்ணிய சட்டங்களும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் முதலில் 50 பெண்கள் என்றே தொடங்கிற்று. 1981-இல் செய்த திருத்தம், பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்றது. குழந்தையின் தலையை எண்ணத் தலைப்பட்ட விதி இது.

ஆலைக்கும் தோட்டத்திற்கும் வெளியே இருந்தவர்களோ பலர். 1969-இல் டில்லி ராஜகாட்டில் காந்தி நூற்றாண்டை ஒட்டிக் கட்டட வேலை நடந்தபோது, மண் சுமந்த பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடந்ததைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். வேலை இடம் மாறினால் உடன் இடம் மாறும் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு அவ்வாறு பிறந்தது. 1970-களின் இடையில் மத்திய அரசும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தந்து காப்பகங்கள் நடத்தும் திட்டத்தை மேற்கொண்டது.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு நம் மனத்தை மிகவும் கவர்வது. வேலைத்தலத்திற்குத் தாய்மாருடன் வந்த ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், அப்பெண்களுள் ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி அவளுக்கும் கூலி தரவேண்டும் என்று அது விதித்தது. குளம் வெட்டுவதும் குழந்தை பார்ப்பதும் கூலிக்குரிய வேலையே எனச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஏட்டில் இருந்த அளவு களத்தில் இருந்ததா என்பது வேறு வினா.

தாயின் கையில் பணமாகவே தரும் உதவி நம் நாட்டில் அரிது. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2008-இல் மத்திய அரசுப் பெண் ஊழியர்க்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கிடைத்தது. மாற்றுத்திறனாளிப் பெண் ஊழியர்க்குக் குழந்தையின் இரண்டு வயது வரை மாதம் 1,000 ரூபாய் தனிப்படி வழங்கவும் ஆணை பிறந்தது. 2017-இல் அது 3,000 ரூபாயாயிற்று. பெறுவோர் சிலரே எனினும், பராமரிப்புக்கென்றே பெயர் சூட்டித் தந்த பணம் அது.

அதே 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேற்று உதவிச் சட்டம், 50 ஊழியர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்யவேண்டும் என்றது. பெண்களை அன்று, ஊழியர் அனைவரையும் எண்ணச் சொன்னது. ஆடவரைக் கொண்டு தொகையைக் குறைக்கும் வழி அடைபட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இக்கணக்கையே ஏற்றது.

2017-இல் மாற்றியமைக்கப்பெற்ற தேசியக் காப்பகத் திட்டத்தின் விகிதங்களையும் சொல்லிவிடுவோம். காப்பகம் ஒன்றுக்கு 25 குழந்தைகள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் மாதம் 20 ரூபாய் செலுத்திற்று. பெற்றோரின் மாத வருமானம் 12,000 வரையெனில் 100. அதற்கு மேலெனில் 200. குடும்பத்தின் சுமையைக் குறைத்த அளவில் அது மெய்யான உதவியாகவே இருந்தது. காப்பகத்தை நாள்தோறும் ஏழரை மணி நேரம் நடத்திய பெண்ணுக்கு மதிப்பூதியமாக மாதம் 3,000 ரூபாயும், அவளுடைய உதவியாளுக்கு 1,500 ரூபாயும் அத்திட்டத்தில் குறிக்கப்பெற்றிருந்தன.