'பரஸ்பர ஒப்புதல்' என்னும் சொற்றொடர்

பயிற்சியாளர் விலகும்போது கால்பந்துக் கழகங்கள் வெளியிடும் அறிக்கைகளில் 'பரஸ்பர ஒப்புதலுடன்' என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறும். காரணத்தைச் சொல்லாமல் விடுவதே அத்தொடரின் பணி. வரலாற்று மாணவர் அதைத் தேதிகளில்தான் தேட வேண்டும்.

2018 டிசம்பர் 16 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் மும்பை சிட்டியிடம் 6-1 எனத் தோற்றது. 18 அன்று டேவிட் ஜேம்ஸ் விலகினார். 2021 பிப்ரவரியில் ஐதராபாத்திடம் 4-0 எனத் தோற்ற மறுநாள் கிபு விகுனா விலகினார். இங்கெல்லாம் விளக்கம் தேவையில்லை.

இவான் வுகோமனோவிச் விலகிய 2024 ஏப்ரல் 26 அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. பிளே-ஆஃபில் ஒடிசாவிடம் தோற்று ஒரு வாரம் ஆகியிருந்தது உண்மைதான். ஆனால் 2014இல் தோன்றிய அக்கழகத்தில் தொடர்ந்து மூன்று பருவங்கள் நிலைத்த முதல் தலைமைப் பயிற்சியாளர் அவர். முந்தைய நான்கு பருவங்களில் எட்டாத பிளே-ஆஃபை மூன்று முறையும் எட்டினார் (2022-23 முதல் அச்சுற்று ஆறு அணிகளுக்கு விரிந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்). 2022 இறுதியாட்டத்தில் கோப்பை பெனால்டியில் நழுவியது.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரில், சுனில் சேத்ரி விரைந்தடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து, ஆட்டம் முடியுமுன்பே அணியை வெளியே அழைத்துச் சென்றார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. ரசிகர் பலருக்கு அது சுயமரியாதை; கழகத்தின் கணக்கேட்டிலோ 4 கோடி. தோல்வியை மட்டும் காரணமாகக் கொள்வோர் இந்த இடைவெளியைக் காணத் தவறுகின்றனர்.

அடுத்து வந்த மிகேல் ஸ்டாரே, 12 ஆட்டங்களில் 3 வெற்றிகளுடன், அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று வெளியேறினார். மோகன் பகானிடம் தோற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.